வன்னி வளவுக்குள் ஒரு மத்தியதரைக்கடல் தோட்டம்: செய்து தந்தவர்களைப் பற்றி

கிளிநொச்சியில் மச்சான் கட்டிய வீட்டைப் பார்க்க வருகிறவர்கள், வீட்டைச் சுற்றிப் பார்த்து முடிக்கும் முன்பே தோட்டத்தை யார் செய்தது, எவ்வளவு முடிந்தது என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். செய்தவர்கள் கொழும்பில் இருந்து வந்த ஒரு தோட்ட வடிவமைப்பு நிறுவனம். பெயர் போடவில்லை, ஏனென்றால் குறையும் கொஞ்சம் சொல்லப்போகிறேன்.

மச்சான் கனடாவில் இருக்கிறார், வீட்டையும் வேலையையும் பார்த்துக்கொள்வது நான். வீடு மத்தியதரைக்கடல் பாணி, மச்சான் சொல்வது ஸ்பெயின் வீடு என்று: வெள்ளைச் சுவர், வளைவு வாசல்கள், செம்மண் ஓடு, நடுவில் வானம் பார்க்கிற முற்றம். (முற்றத்தைப் பார்த்த அம்மா, 'இது எங்கட பழைய நாற்சார் வீடுதானே, இதுக்கு ஏன் ஸ்பெயின் என்று பேர்?' என்று கேட்டா. நியாயமான கேள்வி.) வளவு அரை ஏக்கர். வரைபடம், கன்று, கல் வேலை, சொட்டுநீர்க் குழாய், கூலி எல்லாம் சேர்த்து 18 லட்சம் ரூபாய் முடிந்தது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், அது உண்மையிலேயே நல்லது. எங்கள் வீடுகளில் பூங்கன்று வைப்பது எப்படி என்று தெரியும்தானே, போன இடத்தில் கிடைத்த தடி ஒன்று, மாமி தந்த சாடி ஒன்று, கோயிலடியில் வாங்கியது ஒன்று என்று எல்லாவற்றிலும் ஒவ்வொன்று நிற்கும். இவர்கள் அதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். மொத்தமே பத்துப் பன்னிரண்டு வகைதான், ஆனால் ஒவ்வொன்றும் கூட்டமாக. மதிலை ஒட்டி உயரமானவை, அதற்கு முன்னால் ஆள் உயரத்தில் பற்றைகள், அதற்கு முன்னால் முழங்கால் உயரத்தில் கற்றாழையும் புல்லும், கடைசியாக நிலத்தோடு படர்கிறவை. வாசலில் இருந்து பார்த்தால் பச்சை படிப்படியாக ஏறிப்போய் வெள்ளைச் சுவரில் முடிகிறது. அதே நாலைந்து கன்றுகள் பாதை நெடுகத் திரும்பத் திரும்ப வருவதால் அரை ஏக்கரும் ஒரே தோட்டமாகத் தெரிகிறது. இதை நாங்களாகச் செய்திருக்க மாட்டோம், இதற்குக் கொடுத்த காசு வீண் இல்லை.

பின்வரிசைக்கு மத்தியதரைக்கடல் நாடுகளில் சைப்பிரஸ் மரம் வைப்பார்கள், இங்கே நெட்டிலிங்கம் வைத்தார்கள். ஒல்லியாக, நேராக, கொப்பு கீழே தொங்கிக்கொண்டு வளர்வதால் தூரத்தில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நடுவரிசையில் அலரி, மாதுளை, கடதாசிப்பூ. அலரிக்கும் மாதுளைக்கும் மத்தியதரைக்கடல் பக்கம் பழைய இடம், கிரேக்கத்தில் காய்ந்த ஆற்றுப்படுக்கைகளில் அலரி தானாகவே நிற்கும். கடதாசிப்பூ தென் அமெரிக்காவில் இருந்து போனது, அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் நிற்கிற ஆனைக்கற்றாழையும் நாகதாளியும் அமெரிக்கக் கண்டத்து ஆட்கள். ஆக அந்த 'அசல்' தோட்டமே பாதி இரவல். அப்படியானால் நாங்களும் கொஞ்சம் மாற்றி வைப்பதில் பிழை இல்லை என்பது என் கட்சி, மச்சான் ஒத்துக்கொள்ள நாள் எடுத்தது.

ஏனென்றால் அவருக்கு ஒலிவ மரமும் லவண்டரும் வேண்டும். நிறுவனமும் மறுபேச்சு இல்லாமல் தலையாட்டியது. என் முதல் குறை இதுதான்: காசு தருகிறவர் கேட்டால் எதையும் வைக்கிறார்கள். ஒலிவ மரம் பூப்பதற்குக் குளிர்காலக் குளிர் வேண்டும். எங்கள் மார்கழிப் பனிக்கு நாங்கள் போர்வை தேடுவோமே தவிர, ஒலிவ மரம் அதைக் குளிர் என்றே கணக்கெடுக்காது. மரம் சாகவில்லை, சாடிக்குள் இலையோடு நிற்கிறது, அவ்வளவுதான். ஒரு ஒலிவக் கன்றின் விலைக்கு ஒரு லோட் மாட்டெரு பறித்திருக்கலாம். லவண்டர் முதல் மாரியிலேயே வேர் அழுகிப் போனது, ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும், வன்னியில் இந்த மாதிரித் தோட்டம் வைக்க நினைக்கிற எல்லாருக்கும் உதவும். மேலோட்டமாகப் பார்த்தால் மத்தியதரைக்கடல் நாடுகளுக்கும் எங்களுக்கும் காலநிலை ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆண்டுக் கடைசியில் மழை, நடுவில் நீண்ட வறட்சி. ஆனால் ஏதென்ஸில் வருடம் முழுக்கப் பெய்வதே ஏறத்தாழ 400 மில்லிமீற்றர்தான். எங்களுக்குக் கார்த்திகை மார்கழியிலேயே அந்த அளவு கொட்டித் தீர்த்துவிடும், அதுவும் சூடு குறையாத மண்ணில். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் இங்கே கன்று காய்ந்து சாவதை விட ஊறிச் சாவதுதான் முதல் பயம், கோடை அதற்குப் பிறகு. நிறுவனத்தின் வரைபடத்தில் சொட்டுநீர்க் குழாய் எங்கே போகும் என்று சென்ரிமீற்றர் கணக்கில் இருந்தது, மழைத் தண்ணி எங்கே போகும் என்று ஒரு கோடு கூட இல்லை. பாத்திகளை நிலமட்டத்திலேயே வெட்டியிருந்தார்கள். பிறகு எங்கள் செலவில் ஒன்றரை அடி உயர்த்தி, ஓரத்தில் வாய்க்கால் இறக்கினோம்.

லவண்டர் போன இடத்துக்கு என்ன வைப்பது என்று யோசித்தபோது வழி சொன்னவர் பரந்தன் பக்கம் பூங்கன்று விற்கிற ஒரு ஐயா. 'தம்பி, நொச்சியை வைத்துப் பாருங்கோவன், மாடும் வாய் வைக்காது' என்றார். எனக்குச் சிரிப்பு, நொச்சி வேலியிலும் வாய்க்கால் கரையிலும் நிற்கிற சாமான். வைத்துப் பார்த்தால், இலையின் அடிப்பக்கம் சாம்பல் வெள்ளை, நுனியில் கதிர் கதிராக ஊதாப் பூ, காற்று அடித்தால் வாசம். மத்தியதரைக்கடல் தோட்டங்களிலேயே நொச்சியின் கூடப்பிறந்த இனம் ஒன்று உண்டு, அதையும் இதே நடுவரிசையில்தான் வைப்பார்கள். வருடத்தில் இரண்டு தரம் கட்டையாக வெட்டிவிட்டால் பற்றையாகவே நிற்கும், விட்டால் மரமாகிவிடும். வெட்டிய இலையைப் பின்னேரத்தில் புகை போட்டால் நுளம்புக்கும் ஆகும். முழுத் தோட்டத்திலும் எனக்குப் பிடித்த இடம் இப்போது அந்த நொச்சி வரிசைதான், அது வரைபடத்திலேயே இல்லாதது.

அலரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை, நிறுவனம் இதைச் சொல்லவே இல்லை. இலை, பூ, தடி, பால் எல்லாமே நஞ்சு. சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற பக்கம் வைக்க வேண்டாம், வெட்டிய கொப்பை எரிக்கவும் வேண்டாம், புகையும் கூடாது. நாங்கள் வாசலடியில் இருந்த அலரியைப் பிடுங்கிப் பின் மதிலுக்கு மாற்றினோம்.

நிலத்தோடு படர்கிற கடைசி வரிசையைச் சும்மா அழகுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். வெள்ளைச் சுவருக்கும் எங்கள் செம்மண்ணுக்கும் உள்ள பகை தெரியும்தானே, ஒரு மழைக்கே முழங்கால் உயரத்துக்குச் சுவர் சிவந்துவிடும். கூரைத் தண்ணி விழுகிற இடத்தில் இரண்டடி அகலத்துக்குச் சல்லிக்கல், அதற்கு வெளியே பட்டிப்பூவும் பத்துமணிப்பூவும் நெருக்கமாகப் போட்ட பக்கத்தில் சுவர் அப்படியே வெள்ளையாக இருக்கிறது. வெறும் மண் கிடக்கிற பின்பக்கத்தைத் திரும்பவும் பெயின்ற் அடிக்க வேண்டும். இந்த யோசனை முழுக்க நிறுவனத்தினுடையது, சபாஷ். ஆனால் பாதைக்கு வெள்ளைக் கூழாங்கல் போட்டது சரிவரவில்லை, மத்தியானத்தில் கண் கூசுகிறது, மாரியில் சிவந்து போய் இப்போது வெள்ளையும் இல்லை.

சொட்டுநீர் நன்றாக வேலை செய்தது, கொஞ்ச நாளைக்கு. கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு அதிகம், துளைகள் அடைபடும். வடிகட்டி பூட்டித் தரவில்லை, கேட்ட பிறகு தனி விலைக்குப் பூட்டினார்கள். அணில் குழாயைக் கடிப்பதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி முக்கியமான குறை. கன்று செத்தால் மாற்றித் தருவோம் என்று மூன்று மாத உத்தரவாதம் தந்தார்கள். நட்டது மாசியில். அதாவது தென்மேற்கில் இருந்து வீசுகிற சோளகக் காற்று தொடங்கி நிலம் வெடிக்கிற நேரத்தில் உத்தரவாதம் முடிந்துவிட்டது, சாகவேண்டியவை எல்லாம் அதற்குப் பிறகுதான் செத்தன. மழை அதிகமான ஈர வலயத்தில் தும்புச் சாடிக்குள் நிழலில் வளர்த்த கன்றுகளை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து நேராக வெயிலில் வைத்தால் வேறு என்ன நடக்கும்? புரட்டாசிக் கடைசியில் நட்டிருந்தால் மாரி முழுக்க வேர் ஓடியிருக்கும். அவர்களோடு ஒப்பந்தம் போடுகிறவர்கள் ஒரு மாரி, ஒரு கோடை இரண்டும் தாண்டும்வரை உத்தரவாதம் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் கன்றுக்கான காசை அவர்களிடம் கொடுக்காமல் வரைபடத்துக்கும் கல் வேலைக்கும் மட்டும் கொடுத்துவிட்டு, கன்றை இங்கேயே வெயிலில் வளர்த்தவர்களிடம் வாங்கலாம். நாங்கள் இரண்டாம் முறை வைத்தவை எல்லாம் அப்படி வாங்கியவைதான், விலையும் பாதி.

பழகுவதில் குறை சொல்ல முடியாது. வந்த பொடியன்கள் மரியாதையானவர்கள், ஒருவருக்குத் தமிழ் நன்றாக வரும், வேலை முடிந்ததும் குப்பையைத் தாங்களே அள்ளிக்கொண்டு போனார்கள். காசு கட்டி முடிந்த பிறகு மட்டும் தொலைபேசிக்குப் பதில் வரக் கொஞ்சம் சுணங்கும்.

மாதப் பராமரிப்புக்கு 35,000 கேட்டார்கள், நாங்கள் எடுக்கவில்லை. பரந்தன் ஐயாவின் மகன் வாரத்தில் ஒரு நாள் வந்து பார்க்கிறார், நெட்டிலிங்கம் கூரைக்கு மேலே போனால் அதை வெட்ட மட்டும் கொழும்பு ஆட்களைக் கூப்பிடலாம் என்று இருக்கிறோம். கேற்றைப் பூட்ட மறக்காதீர்கள், கட்டாக்காலி மாடுகள் நொச்சியையும் அலரியையும் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரே இரவில் முடித்துவிடும்.