ஆர்செப் வருமுன் எதைக் கேட்பது: காலமா, ஆய்வுகூடமா, நட்டஈடா?

ஆர்செப் என்ற பிராந்திய வர்த்தக உடன்படிக்கையில் சேர இலங்கை 2023இல் விண்ணப்பம் போட்டதிலிருந்து, எங்கள் பக்கம் எங்கே பேச்சு எழுந்தாலும் "வேணும்", "வேண்டாம்" என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. அதைக் கொழும்புதான் தீர்மானிக்கப் போகிறது. அதற்குள் மட்டக்களப்பும் அம்பாறையும் எதைக் கேட்டு வாங்கி வைக்கலாம் என்பதுதான் என் கேள்வி. வழக்கமாக மூன்று வழி சொல்கிறார்கள்.

முதலாவது, காலம் வாங்குவது, அதாவது தீர்வையை (இறக்குமதி வரியை) மெதுமெதுவாகக் குறைப்பது, சில பொருட்களைத் தொடவே விடாமல் வைப்பது. வெள்ளாமை செய்கிறவர்களுக்கும் பெரிய வயல்காரரான போடியார்மாருக்கும் பிடித்த வழி இதுதான், அதில் நியாயமும் இருக்கிறது. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய இலங்கை உடன்படிக்கையில் தீர்வையைக் குறைத்து முடிக்க இந்தியாவுக்கு 3 வருடம், எங்களுக்கு 8 வருடம் என்று பேசி வாங்கினார்கள், விவசாயப் பொருட்களில் பெரும்பாலானவற்றைச் சலுகைப் பட்டியலுக்கு வெளியிலும் வைத்தார்கள். நல்ல பேரம்தான். ஆனால் கிடைத்த காலத்தில் வயலில் என்ன நடந்தது? 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை போட்டு விளைச்சலை நாங்களே கெடுத்துக்கொண்டோம். 2024 டிசம்பரில் தட்டுப்பாடு என்றதும் கிலோவுக்கு 65 ரூபாய் வரியுடன் அரிசி இறக்க அனுமதி கொடுத்தார்கள், அதற்கு எந்த உடன்படிக்கையும் தேவைப்படவில்லை. காலம் கேட்பதானால் அந்தக் காலத்துக்குள் விதைநெல், நெல் உலர்த்தும் இயந்திரம், களஞ்சியம் எல்லாம் எந்த வருடம் எங்கே வரும் என்று சேர்த்து எழுதி வாங்க வேண்டும். வெறும் காலத்தை மட்டும் வாங்கிச் சம்மாந்துறை நெல் ஆலைக்காரர் என்ன செய்வார்?

இரண்டாவது, தரத்துக்கும் சான்றிதழுக்கும் ஆய்வுகூடத்துக்கும் செலவழிப்பது. என் சாய்வு இந்தப் பக்கம், காரணம் மட்டக்களப்பு வாவி நண்டு. சிங்கப்பூருடன் 2018இல் உடன்படிக்கை வந்தபோது இனி நண்டுக்கு நல்ல காலம் என்று சிலர் பேசினார்கள். சிங்கப்பூர் ஏறத்தாழ எந்தப் பொருளுக்கும் இறக்குமதித் தீர்வை வாங்குவதில்லை, அதற்கு முன்னமும் அப்படித்தான். இல்லாத தீர்வையை எப்படிக் குறைப்பது? நண்டு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் வண்டியில் போய் உயிரோடு கட்டுநாயக்கா விமான நிலையத்தைச் சேருமா, பரிசோதனை அறிக்கை கையில் இருக்குமா என்பதில்தான் விலை நிற்கிறது. மீனும் அப்படித்தான். 2015 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் மீனை நிறுத்தியதற்கும் தீர்வைக்கும் சம்பந்தமில்லை, ஆழ்கடலில் படகுகள் எங்கே போகின்றன என்பதைக் கண்காணிக்க ஒழுங்கான ஏற்பாடு இல்லை என்பதும் சட்டவிரோத மீன்பிடியும்தான் காரணம். ஒன்றரை வருடம் கழித்து 2016இல்தான் அந்தத் தடை நீங்கியது. வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஆழ்கடல் படகு வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

சரி, இதிலும் ஓட்டை இருக்கிறது. நான் பார்த்த ஓர் ஆய்வுகூடத்தில் உதவிப் பணத்தில் வந்த இயந்திரம் இரண்டு வருடமாகப் பொலித்தீன் உறையோடேயே கிடந்தது, இயக்கத் தெரிந்தவரை இடம் மாற்றியிருந்தார்கள். கட்டடத்துக்குக் காசு கொடுப்பவர்கள் ஆளின் சம்பளத்துக்குக் கொடுப்பதில்லை.

மூன்றாவது நட்டஈடு, அதாவது இறக்குமதியால் நட்டப்படுகிறவர்களுக்குக் காசு கொடுப்பது. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுனாமிக்குப் பிறகு நட்டஈட்டுப் பட்டியல் எழுதிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். உறுதிப்பத்திரம் உள்ளவர் பெயர் வரும், குத்தகைக்கு விதைத்தவர் பெயர் வராது. வீட்டுக்குள் நூல் சுற்றும் பெண்ணின் பெயர் எந்தப் பதிவில் இருக்கிறது? கடைசி மருந்தாக வைத்துக்கொள்ளலாம், முதல் கோரிக்கையாக இதைக் கேட்கக் கூடாது.

ஆக நெல்லுக்குக் காலம், கடலுக்கும் வாவிக்கும் ஆய்வுகூடம் என்று பிரித்துக் கேட்கலாம். மருதமுனைக் கைத்தறிதான் இதில் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காதது. நூல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது. இந்திய உடன்படிக்கையின் கீழ் சலுகை பெறப் பொருளின் மதிப்பில் 35 வீதம் இங்கே சேர்ந்திருக்க வேண்டும், இந்திய நூலின் பங்கையும் சேர்த்து 35 வருமானால் இங்கே 25 வீதம் இருந்தாலே போதும். ஆர்செப்பிலோ இந்தியா இல்லை, 2019இலேயே விலகிவிட்டது. அதனால் அதே நூல் அங்கே வெளியாள் சரக்கு, கணக்கில் சேராது. ஒரே கைத்தறிச் சாரம், ஒரே தறி, போகும் நாட்டைப் பொறுத்துக் கணக்கு மாறும். இந்தக் கணக்கைப் போட்டுக்கொடுத்து, கொழும்பு வர்த்தகத் திணைக்களத்தில் சான்றிதழ் எடுக்கும் வேலையையும் பார்க்க, கல்முனையில் மேசை போட்டு ஒரு ஆளை உட்கார வைத்தாலே பாதி வேலை முடியும். மூன்று வழிகளோடும் பார்த்தால் செலவு குறைந்தது இதுதான், இதை யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் மருதமுனையில் தறி வைத்திருக்கும் காக்கா (அண்ணன்) ஒருவரிடம் விளக்கிவிட்டு, நூல் வாங்கிய பில் இருக்கிறதா என்று கேட்டேன். "பில்லா? நூல் வந்து சேர்ந்தாக் காணும் தம்பி" என்றார். பில் இல்லாமல் 35ஐயும் காட்ட முடியாது, 25ஐயும் காட்ட முடியாது.