மாத்திரையா, திரவமா, தூளா? நீச்சல் குளத்து மருந்துச் செலவில் உண்மையிலேயே காசு மிச்சமாவது எதில்

சிங்கப்பூரில் அப்பர் தாம்சன் பக்கம் எங்கள் தரைவீட்டில் ஒரு சின்ன நீச்சல் குளம் இருக்கிறது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றேகால் மீட்டர். கணக்குப் போட்டால் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர் தண்ணீர். மூட்டுவலிக்குத் தண்ணீரில் நடக்கும்படி மருத்துவர் சொன்னதிலிருந்து அம்மா தினமும் காலையில் அரைமணி நேரம் அதில் இறங்குகிறார். முன்பெல்லாம் மாதச் சம்பளத்துக்கு ஆள் வந்து பார்த்துக்கொண்டார். அந்தச் செலவு கட்டுப்படியாகாமல், மருந்து வாங்கிப் போடுவதை நானே எடுத்துக்கொண்டேன். முதல் நான்கு மாதம் மாத்திரை, அப்புறம் கொஞ்ச நாள் தூள், இப்போது ஒன்றரை வருடமாகத் திரவம். திரவம்தான் சிக்கனம் என்பது என் முடிவு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையை எப்படி ஒப்பிடுவது என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் டப்பாவின் விலையைப் பார்த்தால் எதுவும் புரியாது. நாம் காசு கொடுப்பது மருந்தில் உள்ள குளோரினுக்கு, கிருமியையும் பாசியையும் கொல்வது அதுதான். டிரைகுளோர் மாத்திரையில் அது 90%, கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் 65 முதல் 70%, கேனில் வரும் திரவத்தில் 10 முதல் 12% தான். ஆக, 5 கிலோ மாத்திரை டப்பாவில் இருப்பது நாலரைக் கிலோ குளோரின், 25 லிட்டர் திரவக் கேனில் சுமார் 3 கிலோ. விலையை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். டப்பா 45 வெள்ளி, கேன் 30 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் இரண்டுமே கிலோவுக்கு 10 வெள்ளி, சமம். நான் வாங்கிய இடங்களில் இந்தக் கணக்கில் மாத்திரைதான் கொஞ்சம் மலிவாக வந்தது. மாத்திரையில் இறங்கியதும் அதனால்தான். மிதவையில் போட்டுவிட்டால் ஒரு வாரத்துக்கு அது பாட்டுக்குக் கரையும், வேறு வேலை இல்லை.

நாலாவது மாதக் கடைசியில் குளம் பச்சையாகிவிட்டது. சோதனைத் தாள் குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்குத் தண்ணீரில் 3 பங்கு) என்று காட்டுகிறது, புத்தகத்தில் சொன்ன அளவு, ஆனால் சுவரெல்லாம் வழவழவென்று பாசி. அம்மா வேறு, "கண்ணெல்லாம் எரியுதுப்பா, நான் ரெண்டு நாள் இறங்கல" என்று சொல்லிவிட்டார். முன்பு வேலை பார்த்த தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணே, குளோரின் சரியாத்தான் இருக்கு, பாசி மருந்து போடுங்க" என்றார். மருந்து வாங்கும் கடையிலும் அதையே சொன்னார்கள். பாசிக்கொல்லி, தண்ணீரைத் தெளிய வைக்கும் மருந்து, ஷாக் (ஒரேயடியாக நிறைய குளோரின் ஏற்றுவது) என்று டைகுளோர் என்ற இன்னொரு குளோரின் மருந்தில் ஒரு டப்பா, எல்லாம் வாங்கிப் போட்டேன். ஒரு வாரம் தெளிந்தது, மறுபடியும் பச்சை. அந்த மாதம் செலவழித்ததை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை.

காரணம் சயனூரிக் அமிலம். கடையில் ஸ்டெபிலைசர் என்பார்கள். வெயிலில் குளோரின் சீக்கிரம் அழிந்துவிடாமல் காப்பாற்றுகிற பொருள் இது. சிங்கப்பூர் வெயிலில் இது இல்லாத திறந்தவெளிக் குளத்தில் காலையில் போட்ட குளோரின் மத்தியானத்துக்குள் பெரும்பாலும் போய்விடும், அதனால் 30 முதல் 50 பிபிஎம் வரை இருப்பது நல்லதுதான். சிக்கல் என்னவென்றால் டிரைகுளோர் மாத்திரையின் எடையில் பாதிக்கு மேல் இந்த அமிலம்தான். குளோரின் வேலை செய்து தீர்ந்துபோகும், அமிலம் தண்ணீரிலேயே தங்கிவிடும். என் குளத்துக்கு ஒரு கிலோ மாத்திரை போட்டால் அமிலம் சுமார் 14 பிபிஎம் ஏறும். ஒரு நாளைக்கு எனக்கு இரண்டரை பிபிஎம் குளோரின் தேவைப்படுகிறது, மாதத்துக்கு 75. அதற்கு மூன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல் மாத்திரை வேண்டும், அதாவது 200 கிராம் மாத்திரையில் பதினாறு, பதினேழு. ஆக மாதத்துக்கு 45 பிபிஎம் அமிலம் குளத்தில் சேர்ந்துகொண்டே போகிறது. ஷாக் என்று வாங்கினேனே டைகுளோர், அதில் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் 9 பிபிஎம் அமிலம் கூடவே வரும், மாத்திரையை விடவும் மோசம். பச்சையைப் போக்கப் போட்ட மருந்தே அடுத்த பச்சைக்கு வழி செய்திருக்கிறது.

அமிலம் ஏற ஏற அது குளோரினை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, சோதனையில் 3 என்று தெரிந்தாலும் பாசியைக் கொல்லப் போதிய வலு அதற்கு இருக்காது. அமிலத்தின் அளவில் 7.5% ஆவது குளோரின் இருந்தால்தான் பாசி வராது என்பது குளம் பராமரிப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 40 பிபிஎம் அமிலத்துக்கு 3 பிபிஎம் குளோரின் போதும், 120 ஆனால் 9 வேண்டும். தினமும் 9ஐத் தாங்கிப் பிடிப்பது 3ஐத் தாங்கிப் பிடிப்பதை விட எவ்வளவு மருந்து தின்னும் என்று பாருங்கள். மாத்திரையில் மிச்சம் பிடித்த காசு இங்கேதான் போகிறது.

சோதனைத் தாளை நம்பாமல் சொட்டு மருந்து ஊற்றிப் பார்க்கும் பெட்டி ஒன்று வாங்கினேன். குளத்துத் தண்ணீரோடு மருந்தைக் கலந்தால் பால் போலக் கலங்கும், குழாயின் அடியில் இருக்கும் கறுப்புப் புள்ளி எந்த அளவில் மறைகிறதோ அதுதான் அமிலம். என்னிடம் இருந்த குழாயில் 100க்கு மேல் அளக்க முடியாது, அதனால் குளத்து நீரைக் குழாய்நீரோடு பாதிக்குப் பாதி கலந்து பார்த்தேன். 65 காட்டியது, அப்படியானால் 130. எல்லாவற்றையும் விட முதலில் வாங்க வேண்டியது இந்தப் பெட்டிதான், இதில் மட்டும் விலை பார்க்காதீர்கள்.

அமிலத்தைக் குறைக்க வீட்டில் செய்யக்கூடியது தண்ணீர் மாற்றுவதுதான். குளத்தை ஒரேயடியாக வற்றவைக்கக் கூடாது, நிலத்தடி நீர் மேலே இருந்தால் காலியான தொட்டியே மேலெழும்பி விரிசல் விடலாம். அதனால் இரண்டு தவணையில், ஒவ்வொரு தடவையும் 18 கன மீட்டர் இறைத்துவிட்டு நிரப்பினேன். 130 முதல் தடவையில் எழுபத்துச் சொச்சத்துக்கு வந்தது, இரண்டாவதில் 40க்கு. ஏப்ரல் 2025 முதல் வீடுகளுக்குத் தண்ணீர் கன மீட்டருக்கு 3.24 வெள்ளி, ஜிஎஸ்டி தனி. 36 கன மீட்டருக்கு 117 வெள்ளி ஆகிறது. இதில் ஒரு விஷயம் முக்கியம். மாதம் 40 கன மீட்டரைத் தாண்டினால் அதற்கு மேல் வரும் தண்ணீருக்கு விலை கூடும். வீட்டுப் புழக்கம் எங்களுக்கு 18 ஆகிறது, அதனால் இரண்டு தவணையையும் இரண்டு வெவ்வேறு பில்லில் வருகிற மாதிரித் தள்ளி வைத்தேன், 40க்குள் நின்றது. இறைப்பதை மழைநீர் வடிகாலில் விடாதீர்கள். இந்த ஊரில் வடிகால்கள் பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோதான் போய்ச் சேர்கின்றன.

இனி மாத்திரையின் இன்னொரு செலவு. அது புளிப்பு. பிஎச் அளவையும் (தண்ணீர் எவ்வளவு புளிப்பு என்று காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) காரத்தன்மையையும் இறக்கிக்கொண்டே போகும், அம்மாவின் கண் எரிந்ததும் அதனால் இருக்கலாம். சரிக்கட்ட சோடா வாங்கிப் போட வேண்டும். காரத்தன்மையை ஏற்றும் மருந்து என்று தனியாக விற்பது சோடியம் பைகார்பனேட், நம் சமையல் சோடாவேதான். தேக்கா பக்கம் மொத்த விலைக்கு விற்கும் மளிகைக் கடையில் மூட்டையாகக் கிடைத்தால் அதையே வாங்கலாம், கெட்டும் போகாது. பிஎச் ஏற்றும் மருந்து சோடா ஆஷ், அதற்கும் இதே கதைதான், வேறு எதுவும் கலக்காததாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரவம் இந்த இரண்டு தொல்லையும் இல்லாதது. அமிலம் சேர்வதில்லை, மொத்தத்தில் பிஎச்சையும் பெரிதாக அசைப்பதில்லை, கொஞ்சம் உப்புதான் மிஞ்சும், மழையில் அதுவும் வழிந்து போகும். என் குளத்துக்கு ஒரு லிட்டர் 3 பிபிஎம். மாதத்துக்கு ஒரு 25 லிட்டர் கேன் கச்சிதமாக வருகிறது, நாளைக்கு 800 மில்லி சொச்சம். பொழுது சாய்ந்த பிறகு பம்ப் ஓடும்போது ஊற்றுகிறேன், வெயிலுக்குக் கொஞ்சமும் இழக்காமல் இரவு முழுக்க வேலை செய்கிறது. காலையில் ஊற்றிக்கொண்டிருந்ததை மாலைக்கு மாற்றியதிலேயே மருந்து கண்கூடாகக் குறைந்தது, இதற்கு ஒரு காசும் செலவில்லை.

அதற்கும் குறை இருக்கிறது. கேன் 30 கிலோ கனம், ஒரு துளி பட்டால் துணி போச்சு. தினமும் ஊற்றப் பொறுமை வேண்டும். முக்கியமாக, நம் ஊர் வெப்பத்தில் அது வைத்திருக்க வைத்திருக்க வலு இழக்கும், ஒன்றிரண்டு மாதத்தில் நன்றாகவே தெரியும். ஆகவே மலிவாக வருகிறதே என்று நான்கைந்து கேன் வாங்கி அடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து மாதம் இரண்டு கேன் சொல்கிறோம், கொண்டுவந்து கொடுக்கும் கூலி பாதியாகிறது. நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைக்கிறோம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைத்திருப்பவர்கள் அதைக் குளோரினுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் விஷ வாயு கிளம்பும்.

தூளைப் பற்றி எனக்கு இரண்டு மாத அனுபவம்தான். மாத்திரையைப் போல அமிலம் விடாது, பதிலுக்குக் கால்சியம் விடும். சிங்கப்பூர்க் குழாய்நீரில் கடினத்தன்மை அதிகமில்லை, அதனால் இங்கே அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஈரம் படாமல் வைத்தால் திரவத்தை விட நாள் தாங்கும், தூக்கவும் சுலபம். கனம் தூக்க முடியாதவர்கள் இதற்குப் போகலாம். வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம் தூள், இந்த வரிசை மாறக் கூடாது. மாத்திரையை எடுத்த கரண்டியால் இதைத் தொடவும் கூடாது, இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். எங்கள் குளத்தில் தூள் போட்ட மறுநாள் காலையில் தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கும், அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டேன்.

உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் இயந்திரம் மச்சான் வீட்டில் இருக்கிறது, நான் வைத்துப் பார்த்ததில்லை. மருந்து வாங்கும் வேலை குறைகிறது, ஆனால் அதில் குளோரின் உண்டாகும் பகுதியான செல் சில வருடத்தில் தேய்ந்து மாற்ற வேண்டி வரும், பிஎச் ஏறுவதால் அதை இறக்க வேறு அமிலமும் ஊற்றுகிறார். எங்கள் அளவுக் குளத்துக்குப் போட்ட முதல் எப்போது திரும்பும் என்று அவராலேயே இன்னும் சொல்ல முடியவில்லை.

மாத்திரையை நான் அடியோடு விட்டுவிடவில்லை. டிசம்பரில் இங்கே 300 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யும், குளம் வழிந்து அமிலம் தானாக இறங்கும், அப்போது வாரத்துக்கு இரண்டு மாத்திரை போட்டு 40க்குக் கொண்டுவந்துவிடுகிறேன். தனியாக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை. பொங்கலுக்குத் திருச்சி போகும் பத்து நாளும் மிதவையில் ஆறு மாத்திரை இருக்கும். திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கறுப்புப் புள்ளியைப் பார்க்கிறேன். போன தடவை 48 காட்டியது.