பச்சையில் நிற்கும் முள்ளை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்: புதுப்பித்த கட்டடமும் 14 தீயணைப்பான்களும்

மூன்று மாடி அலுவலகக் கட்டடம். புதுப்பித்து முடித்துப் பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை. சுவரில் 14 தீயணைப்பான்கள், அத்தனையும் 6 கிலோ ஏபிசி பவுடர் (பலவகைத் தீக்கும் ஆகும் என்று விற்கப்படும் பொடி). எல்லாவற்றிலும் புது ஸ்டிக்கர், எல்லா கேஜிலும் (அழுத்தமானி) முள் பச்சையில். பில் கட்டியாகிவிட்டது, ஒப்படைப்புத் தாளில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அப்புறம் யாரோ ஒரு சிலிண்டரைக் கொக்கியிலிருந்து எடுக்கப் போக, கொக்கி, இரண்டு ஸ்க்ரூ, ஒரு கை ஜிப்சம் எல்லாம் சேர்ந்து கையோடு வந்துவிட்டது. மீதி 13ஐயும் இறக்கித் தராசில் வைத்தபோது வெளிவந்த விஷயங்கள்தான் கீழே உள்ளவை. சப்ளையர் பெயர் எதற்கு? இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் எடை. 6 கிலோ பவுடர் உருளை வால்வு, ஹோஸ் எல்லாம் சேர்த்து 9, 10 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். சரியான மொத்த எடை லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். இங்கே ஒன்றின் லேபிளில் 9.6 கிலோ, தராசில் 8.3. ஒன்றே கால் கிலோவுக்கு மேல் பவுடரே இல்லை, ஆனால் முள் பச்சையில்! காரணம் எளிது. கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் நைட்ரஜனின் அழுத்தத்தை மட்டும்தான். பவுடரைக் குறைத்துவிட்டு அந்த இடத்தையும் வாயுவால் நிரப்பினாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். 14ல் 5 உருளைகள் இப்படி. சாதாரணப் பார்சல் தராசு ஒன்று இருந்தாலே பிடித்திருக்கலாம்.

கார்பன் டை ஆக்சைடு உருளைக்கு இந்தக் கேஜும் கிடையாது. உள்ளே வாயு திரவமாக இருப்பதால் கடைசிச் சொட்டு தீரும்வரை அழுத்தம் ஏறக்குறைய மாறாது. அதை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். நிரப்பிய எடையில் 10 சதவீதம் குறைந்தால் ரீஃபில்.

அடுத்தது ஆண்டு. பில்லில் 14ம் புதியவை. மூன்றைக் கவிழ்த்துப் பார்த்தால் அடி விளிம்பில் பெயின்டுக்குக் கீழே துருக்குழிகள், பொறித்திருந்த தயாரிப்பு ஆண்டு ஸ்டிக்கரில் இருப்பதைவிட 7 வருடம் பழசு. இன்னொரு பக்கம் அதே கட்டடத்தின் பழைய அடையாள எண். வேலை தொடங்கியபோது ‘ஸ்கிராப்’ என்று ஏற்றிப்போன சிலிண்டர்களே சிவப்புப் பெயின்ட் பூசிக்கொண்டு திரும்பி வந்திருக்கின்றன. அதனால் பழைய உருளைகளைக் கழித்துக்கட்டும்போது வரிசை எண்ணை எழுதி, புகைப்படம் எடுத்து வையுங்கள். ஸ்டிக்கரை நம்ப வேண்டாம்; உலோகத்தில் பொறித்ததுதான் கணக்கு. பரவலாகப் பின்பற்றப்படும் என்எஃப்பிஏ 10 என்ற அமெரிக்கத் தீயணைப்பான் தரநிலைப்படி, அழுத்தம் ஏற்றி வைத்த பவுடர் உருளையை 6 வருடத்துக்கு ஒருமுறை பிரித்து உள்ளே பார்க்க வேண்டும், 12 வருடத்தில் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி உருளையின் பலத்தைச் சோதிப்பது). தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு உருளைகளுக்கு 5 வருடத்திலேயே ஹைட்ரோ டெஸ்ட். பிரித்து ரீஃபில் செய்தது உண்மையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒழுங்காக சர்வீஸ் செய்பவர்கள் உருளையின் கழுத்தில் ஒரு வளையம் போடுவார்கள், வால்வைக் கழற்றாமல் அதை உள்ளே நுழைக்கவே முடியாது. வெறும் துணியால் துடைத்து ஸ்டிக்கர் ஒட்டியவரிடம் அந்த வளையம் இருக்காது.

மிகப் பழைய கட்டடமாக இருந்தால் அலமாரிக்குப் பின்னாலிருந்து வேறு சிலவும் கிடைக்கும். தலைகீழாகக் கவிழ்த்தால் பீய்ச்சும் சோடா ஆசிட் உருளை, கார்பன் டெட்ராகுளோரைடு நிரப்பிய கண்ணாடிக் குண்டு, ஹாலான் என்ற பழைய அணைப்பு வாயு உருளை. இவற்றை யாரும் அழுத்திப் பார்க்கவோ உடைக்கவோ கூடாது. கார்பன் டெட்ராகுளோரைடே விஷம், சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகவும் மாறும்.

இனி, ‘ஏபிசி எல்லாத்துக்கும் ஆகும் சார்’ என்ற பேச்சு. இந்த வியாபாரத்தில் அதிகம் பேரைக் கவிழ்த்த வாக்கியம் இது. இந்த எழுத்துகள் தீயின் வகைகள்: ஏ என்றால் மரம், காகிதம் போன்ற திடப்பொருள் தீ, பி என்றால் எரியும் திரவத் தீ. சி என்ற எழுத்துக்கே எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம் இல்லை: அமெரிக்க முறையில் மின்சாரத் தீ, ஐரோப்பிய முறையில் எரிவாயுத் தீ. லேபிளில் எழுத்தைப் பார்க்காதீர்கள், படத்தையும் தீயணைப்புத் திறன் எண்ணையும் பாருங்கள். ‘6 கிலோ’ என்பது பவுடரின் எடை, திறன் அல்ல. ஏபிசி பவுடரின் உயிர் மோனோ அம்மோனியம் பாஸ்பேட்; அது 40 சதவீதமும் இருக்கலாம், 90 சதவீதமும் இருக்கலாம். உருளை ஒன்றுபோலத்தான் தெரியும், அணைக்கும் தீயின் அளவுதான் மாறும். விலைப்புள்ளியில் சதவீதத்தையும், பில்லோடு பேட்ச் எண் போட்ட சோதனைச் சான்றையும் கேளுங்கள். இதைக் கேட்டதுமே பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இந்தக் கட்டடத்தில் சர்வர் அறைக்கும் அதே பவுடர், கேன்டீன் அடுப்படிக்கும் அதே பவுடர். சர்வர் அறையில் அது தீயை அணைத்துவிடும், பிறகு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து போர்டுகளை அரிக்கத் தொடங்கும். அங்கே கார்பன் டை ஆக்சைடோ க்ளீன் ஏஜென்டோதான் (படிவு விடாத அணைப்பு வாயு) சரி. ஆனால் சின்ன, காற்றோட்டமில்லாத அறை என்றால் கார்பன் டை ஆக்சைடு ஆளையும் மூச்சுமுட்ட வைக்கும். அந்த உருளை கதவுக்கு வெளியே தொங்கட்டும். அடுப்படி இன்னும் மோசம். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியில் பவுடர் அடித்தால் சுவாலை அடங்கும், எண்ணெய் ஆறாது, சில நொடியில் மறுபடி பற்றும். அதற்கென்றே இருப்பது வெட் கெமிக்கல். அதிலுள்ள பொட்டாசியம் உப்பு எண்ணெயின் மேல்பரப்பைச் சோப்புப் படலமாக மாற்றி மூடிவிடும், எண்ணெயும் ஆறும். அதையும் அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள். தீயைத் தாண்டிக் கை நீட்டி யாரும் எடுக்கப் போவதில்லை.

எத்தனை, எங்கே என்பதில் நடந்தது ஏமாற்று அல்ல, சோம்பல். பழைய வரைபடத்தின் சதுர அடியை வைத்து எண்ணிக்கை போட்டிருக்கிறார்கள். பழைய தளம் ஒரே கூடம். இப்போது அதில் 9 அறைகள். பொதுவான தீக்கு எந்த இடத்திலிருந்தும் உருளைக்கு நடக்கும் தூரம் 22.9 மீட்டரைத் தாண்டக்கூடாது, அடுப்படி உருளைக்கு 9.1 மீட்டர் என்கிறது என்எஃப்பிஏ 10. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே செல்லும். வரைபடத்தில் ஸ்கேல் வைத்த நேர்கோடு கணக்கில் வராது. புது பார்ட்டிஷனைச் சுற்றி, கதவு வழியாக, மேசைகளை ஒதுக்கி நடந்து அளக்க வேண்டும். முதல் மாடி மூலை அறையிலிருந்து அளந்தால் 31 மீட்டர். இரண்டு உருளைகள் கதவு திறந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன, ஒன்றின் முன்னால் ஃபைல் அலமாரி. உருளையின் இடம் வெளியேறும் பாதையில், வாசலுக்குப் பக்கத்தில். எடுத்தவனுக்கு முன்னால் தீ இருக்கலாம், முதுகுக்குப் பின்னால் வழி இருக்க வேண்டும்.

மாட்டுவதற்கு வருவோம். கையோடு வந்த அந்தக் கொக்கி 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டில், வெறும் பிளாஸ்டிக் பிளக்கில் நின்றது. சும்மா தொங்கும்வரை தாங்கும். அவசரத்தில் இழுக்கும்போது விழும் குலுக்கலைத் தாங்காது. போர்டை மூடுவதற்கு முன்பே, இரண்டு ஸ்டட்டுகளுக்கு (போர்டைத் தாங்கும் செங்குத்துச் சட்டங்கள்) நடுவே, தரையிலிருந்து 900 முதல் 1500 மில்லிமீட்டர் உயரம்வரை 18 மில்லிமீட்டர் பிளைவுட் வைத்து ஸ்டட்டில் முடுக்கியிருந்தால் பிரச்சினையே இல்லை. போர்டை மூடிய பிறகு வருகிற சப்ளையரால் இதைச் செய்ய முடியாது, அதனால் இடம் குறிப்பது அவர் வேலையும் அல்ல. பார்ட்டிஷன் வரைபடத்திலேயே குறிக்க வேண்டும்.

பழைய சுண்ணாம்புச் சுவரில் சிக்கல் வேறு. பூச்சே 25, 30 மில்லிமீட்டர் இருக்கும். 40 மில்லிமீட்டர் ஆங்கர் அடித்தால் அதில் பெரும்பகுதி பூச்சுக்குள்ளேயே முடிந்துவிடும். ஆழத்தைப் பூச்சுக்கு அப்பால், செங்கல்லுக்குள் போனதை வைத்துக் கணக்கிடுங்கள். ஓட்டையைக் கல்லின் நடுவில் போடுங்கள், கலவைச் சந்தில் வேண்டாம். தூளை ஊதி எடுத்த பிறகுதான் பிளக். ஏஏசி பிளாக் (எடை குறைந்த, நுண்துளைக் கான்கிரீட் கல்) என்றால் அதற்கான பிளக் தனி. சுவர் எதுவுமே தாங்காது என்று தோன்றினால் தரை ஸ்டாண்டு வாங்குங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

18 கிலோவரை உள்ள உருளையின் தலை தரையிலிருந்து 1.53 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதைவிடக் கனமானது 1.07 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, அடிப்பகுதிக்கும் தரைக்கும் குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி. இதை டைல்ஸ் போட்டு முடித்த தரையிலிருந்து அளக்க வேண்டும். பழைய தரையின் மேல் புது டைல்ஸ் 5 சென்டிமீட்டர் ஏறினால் கீழே விட்ட இடைவெளியில் பாதி போய்விடும். இன்னொன்று, சுவருக்குள் பதிக்கும் பெட்டி அழகாகத்தான் இருக்கும். ஆனால் தீத்தடுப்புச் சுவரில் பள்ளம் வெட்டினால் அந்தச் சுவரின் தாங்கும் நேரமே குறைந்துவிடும்.

புது உருளைகளைப் பெயின்டருக்கு முன்னால் மாட்டவே மாட்டாதீர்கள். இங்கே இரண்டு நாசில்களில் வால்புட்டி அடைத்துக் காய்ந்திருந்தது. வேலை நடக்கும்போது வெல்டிங், கட்டிங் பக்கத்தில் தனியாகத் தற்காலிக உருளைகள் வையுங்கள். வெல்டர் போன பிறகும் ஒரு மணி நேரம் ஒருவர் அங்கே நிற்கட்டும்.

வேலை ஆணையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: நாங்கள் கைகாட்டும் ஒரு உருளையை சப்ளையர் செலவில் திறந்தவெளியில் அடித்துக் காட்ட வேண்டும், முன்னும் பின்னும் எடை போட வேண்டும், நிரப்பியதில் 85 சதவீதமாவது வெளியே வர வேண்டும், அதன் பிறகே கடைசித் தவணை. அடித்த உருளையை அப்படியே திரும்ப மாட்ட அனுமதிக்காதீர்கள். வால்வின் இருக்கையில் பவுடர் ஒட்டி அழுத்தம் கசிந்துவிடும், முழு ரீஃபில் வேண்டும். அதிலும் ஏபிசியில் ஏபிசியே. ஏ வகைத் தீக்கு ஆகாத சோடியம் பைகார்பனேட் பிசி பவுடரோடு கலந்தால் வினைபுரிந்து வாயு உண்டாகி உருளைக்குள் அழுத்தம் ஏறும்.

இந்தக் கட்டடத்தில் அந்தச் சோதனையைப் பிறகுதான் செய்தார்கள். எடை சரியாக இருந்த ஒன்றையே எடுத்தார்கள். மூன்று நொடி பவுடர் வந்தது, அப்புறம் வெறும் சீறல். வால்வைக் கழற்றிக் குச்சி விட்டால் குச்சி இறங்கவில்லை. ஈரக்காற்றில் திறந்துவைத்து நிரப்பிய பவுடர் உள்ளே சுண்ணாம்புக் கட்டிபோல இறுகிக் கிடந்தது.