ஏழு அருவியா, பிளாக் ரிவர் கார்ஜஸா: கைடு காசை எதுல போடலாம்?

மொரீஷியஸ்ல ஒரு நாள் மலை நடைன்னா நம்ம வீட்ல பேச்சு இந்த ரெண்டுலதான் வந்து நிக்கும். ஒண்ணு ஹென்ரியேட்டா கிராமத்துல இருந்து இறங்கற டாமரின் அருவி, இங்க எல்லாரும் செத் கஸ்காத், அதாவது ஏழு அருவின்னு சொல்றது. இன்னொண்ணு கங்கா தலாவ் ஏரி பக்கத்துல பெட்ரின்ல ஆரம்பிச்சு மக்காபே காடு வழியா பிளாக் ரிவர் பள்ளத்தாக்குக்கு இறங்கறது.

அருவிக்கு கைடு இல்லாம போகாதீங்க, இதை நான் அடிச்சு சொல்வேன். மேல நின்னு பாக்கறதுக்கு யாரும் வேணாம், ஆனா ஒவ்வொரு அருவியா கீழ இறங்கணும்னா கிளை வழி நிறைய பிரியுது, பாறை பாசி புடிச்சு வழுக்குது, சில இடத்துல வேரைப் புடிச்சுதான் இறங்கணும், நடுநடுவுல ஆத்தை வேற தாண்டணும். அதை விட பெரிய விஷயம் மழை. நீங்க நிக்கற இடத்துல வெயில் அடிக்கும், மேல வக்வா, க்யூர்பிப் ஊர்கள் பக்கம் ஊத்திட்டு இருக்கும், அந்தத் தண்ணி திடீர்னு வந்தா ஏற வழி இருக்காது. நல்ல கைடு காலையிலயே மேகத்தைப் பாத்துட்டு இன்னிக்கு வேணாம்னு சொல்லிடுவார், அவருக்கு குடுக்கற காசு அதுக்குத்தான். பஸ் ஸ்டாப்லயே நான் கூட்டிட்டுப் போறேன்னு வர்றவங்களை நம்பிப் போறதை விட முன்னாடியே விசாரிச்சு புக் பண்றது மேல். நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் புயல் சீசன், அப்போ இந்தப் பக்கமே வேணாம்.

பிளாக் ரிவர் அப்படி இல்ல. 1994ல நேஷனல் பார்க் ஆனது, பாதையும் போர்டும் ஒழுங்கா இருக்கு, முதல்ல அகலமான மண் ரோடு, வியூ பாயிண்ட் தாண்டினதும் செங்குத்தா ஒரு இறக்கம், அப்புறம் ஆத்தோரமா சமமான நடை, மொத்தம் சுமார் 10 கிலோமீட்டர். கோர் த கார்ட் மலை முருகன் கோயில் படியை மூச்சு வாங்காம ஏறற அத்தை, மாமா எல்லாம் தாராளமா வரலாம், முட்டி வலி இருந்தா மட்டும் அந்த இறக்கம் படுத்தும். வழி காட்ட இங்க கைடு தேவையே இல்ல, ஆனா பறவை தெரிஞ்ச ஒருத்தர் கூட வந்தா அந்த நாளே வேற. 1974ல காட்டுல வெறும் 4 மொரீஷியஸ் கெஸ்ட்ரல்தான் இருந்ததா கணக்கு, அந்த வல்லூறை இன்னிக்கு தலைக்கு மேல பறக்கறப்போ ஒருத்தர் கை நீட்டிக் காட்டினாதான் நமக்குத் தெரியுது. பிங்க் பிஜன், எக்கோ கிளி எல்லாம் இதே காட்டுலதான். நாம ஆசையா பறிச்சுத் திங்கற சீனக் கொய்யாதான் சொந்த மரங்களை வளர விடாம அமுக்குதுங்கறதையும் அவங்கதான் சொல்லணும்.

பசங்க ரெண்டு பேர் ஃபிட்டா இருந்து தண்ணில குதிக்கணும்னா அருவி. குடும்பமா போனா என் ஓட்டு பிளாக் ரிவருக்குத்தான், வண்டியை மட்டும் கீழ விசிட்டர் சென்டர்ல விட்டுட்டு டாக்ஸில பெட்ரின் போயிடுங்க, இல்லன்னா அந்த இறக்கத்தை திரும்ப ஏறணும்.