பழைய டெலி லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் படியுங்கள்: 88,000 ரூபாய் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காட்டுப் படம் எடுக்க எந்த டெலி லென்ஸ் (தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுகிற லென்ஸ்) நல்லது, வால்பாறை போய்விட்டு வந்து விவரமாக எழுது என்று நண்பர்கள் கேட்டிருந்தார்கள். அதை எழுதுகிற மனநிலையில் இப்போது நான் இல்லை. 88,000 ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு கடைக்காரர் என் தலையில் கட்டியதைத்தான் எழுதப் போகிறேன். கடை பேர், ஊர் பேர் எதுவும் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடிகிற வரை வாயைத் திறக்காதே என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். மாடிப்படி ஏறிப் போகிற கடை, பழைய கேமரா, லென்ஸ் வாங்கி விற்பார்கள், தினம் ஒரு ரீல் போடுவார்கள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

முதலில் ஏன் அந்த லென்ஸ் என்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருக்கிற கேமரா கேனான் 7டி மார்க் 2. டாம்ரான், சிக்மா இரண்டு கம்பெனியிலும் 150-600 லென்ஸ் இருக்கிறது (மில்லிமீட்டர் கணக்கு, நம்பர் கூடக் கூட தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்), பழசு நான் வாங்கினதைவிட மலிவாகவே கிடைக்கும். ஆனால் கிட்டத்தட்ட இரண்டு கிலோ கனம், 600-ல் எஃப்/6.3 (எஃப் நம்பர் கூடினால் உள்ளே வருகிற வெளிச்சம் குறையும்). வால்பாறையில் சோலைமந்தி நமக்காக வெயிலில் வந்து நிற்காது. மரத்துக்குள்ளே, நிழலில், பாதி நேரம் பனிமூட்டத்தில் இருக்கும். அந்த இருட்டில் கொஞ்சம் வெளிச்சம் கூடுதலாகக் கிடைத்தாலும் லாபம். தவிர புதுத்தோட்டம் பக்கம் மந்திகள் ரோட்டோரத்துக்கே வரும். ஆழியாறிலிருந்து ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுப் பக்கம் வரையாடு தடுப்புச்சுவர் மேலேயே படுத்திருக்கும். அதற்கு எதற்கு 600? கேனான் 100-400, 2014-ல் வந்த இரண்டாவது வெர்ஷன், ஒன்றரைக் கிலோ சொச்சம்தான். 400-ல் எஃப்/5.6. ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிற பட்டாம்பூச்சியைக்கூட ஃபோகஸ் பிடிக்கும். 7டி-யின் சென்சார் சின்னது, படத்தின் நடுப்பகுதியை மட்டும்தான் எடுக்கும், அதற்கு 1.6 மடங்கு போட்டால் 400 லென்ஸே 640 கணக்கு வந்துவிடும். புதுசு விலை கட்டுப்படியாகாது என்பதால் பழசு. லென்ஸைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு இப்போதும் குறை இல்லை.

கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். போனதும் டீ வந்தது. "வால்பாறையா தம்பி? நான் வருஷா வருஷம் போறவன்" என்று செல்போனில் இருவாச்சிப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். (அதெல்லாம் அவர் எடுத்ததுதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.) என் கேமராவில் லென்ஸை அவரே மாட்டிக் கொடுத்து, "ஜன்னல் வழியா எதையாவது எடுத்துப் பாருங்க" என்றார். எதிர் மாடித் தண்ணி டேங்க் மேல் ஒரு காக்கா. 400-ல் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் அலகுக்கு மேலே படிந்திருக்கிற முடி தனித்தனியாகத் தெரிகிறது. செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரண்டு மூன்று தூசு, ஃபங்கஸ் (கண்ணாடியில் பிடிக்கிற பூஞ்சை) இல்லை. கை நடுக்கத்தைச் சரிக்கட்டுகிற ஐஎஸ் சத்தமில்லாமல் வேலை செய்தது. ஜூமை இறுக்குகிற வளையமும் சரியாக இருந்தது. டிரைபாட் காலில் (லென்ஸை டிரைபாடில் மாட்ட அதன் அடியில் இருக்கிற பிடி) மட்டும் ஒரு கீறல், நகத்தால் தடவினால் மாட்டுகிற ஆழம். "அது வெளிக்காயம் தம்பி, அதுக்குத்தானே ரெண்டாயிரம் குறைச்சிருக்கேன்."

90,000 சொன்னது 88,000-க்கு முடிந்தது. கடைக் கணக்கில் ஏதோ பிரச்சினை, மச்சான் நம்பருக்குப் போடுங்கள் என்றார். யுபிஐ-யில் போட்டேன். லென்ஸை எடுத்துப் பையில் வைக்கப் போனவனைத் தோளில் கை வைத்து நிறுத்தினார். "ஹூட் (லென்ஸ் முன்னால் மாட்டுகிற வெயில் மறைப்பு) குடோன்ல இருக்கு. கண்ணாடியும் துடைச்சு, பெட்டி போட்டு, சாயங்காலம் பையன்கிட்ட வீட்டுக்கே கொடுத்து விடுறேன். நீங்க ஏன் காத்துக் கிடக்கணும்?" இல்லை, இருந்தே வாங்கிக்கொண்டு போகிறேன் என்றதற்குச் சிரித்தார். "கடை எங்க தம்பி ஓடிடப் போகுது?"

பையன் ராத்திரி ஒன்பதரைக்கு வந்தான். பபுள் கவர், அதன் மேல் சுற்றிச் சுற்றி பிளாஸ்டிக் தாள், அதன் மேல் டேப். "ஈரக்காத்து படாம சுத்தியிருக்கோம் அண்ணா, மலையில போய்ப் பிரிங்க." விடிகாலை நாலு மணிக்கு வண்டி. அவர்களுக்கும் அது தெரியும், டீ குடித்தபோது நான்தான் எல்லாம் சொன்னேனே.

மறுநாள் ஒரு அத்தி மரத்தில் ஆண் இருவாச்சி. வாழ்க்கையில் முதல்முறை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன். வானம் வெள்ளையாக இருந்தது, பறவை அதற்கு எதிரில். எடுத்த படம் ஒவ்வொன்றும் மோர் ஊற்றிக் கழுவின மாதிரி வெளுத்து வந்தது. அந்த மஞ்சள் அலகே சாம்பல். மந்தியின் முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி இருக்குமே, அதில் ஒரு முடிகூடப் பிரிந்து தெரியவில்லை. பனி என்று நினைத்து வெளிச்சம் வந்ததும் வரையாட்டை எடுத்தேன். படத்தின் இடது பக்கம் முழுக்கக் குழைந்திருந்தது.

ராத்திரி அறையில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டாவது கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை இழை, கிளை விட்டு, அதில் மறுபடி கிளை விட்டு, கிட்டத்தட்ட பாதி வட்டம் வரை பரவியிருக்கிறது. டிரைபாட் காலைத் திருப்பிப் பார்த்தேன். கீறலைக் காணோம்.

லேப்டாப்பில் காக்கா படத்தையும் இருவாச்சிப் படத்தையும் பக்கத்தில் வைத்து எக்ஸிஃப் விவரத்தை (படத்தோடு கேமரா பதிந்து வைக்கிற குறிப்பு) திறந்தேன். கேனானில் இந்த மாதிரி புது லென்ஸ்களின் சீரியல் நம்பர் ஃபைலுக்குள்ளேயே பதிவாகிவிடும். (ரொம்பப் பழைய லென்ஸ், வேறு கம்பெனி லென்ஸ் என்றால் பெரும்பாலும் வெறும் சைபர்தான் இருக்கும்.) இரண்டு படம், இரண்டு நம்பர். கடையில் எனக்குக் காட்டியது ஒன்று, 88,000 வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியது வேறொன்று. "வாங்கும்போதே செக் பண்ண வேண்டாமா" என்று கேட்க வருகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தரம் படிக்கவும். செக் பண்ணின லென்ஸ் என் கைக்கே வரவில்லை.

போன் செய்தேன். "மலையில ஈரம் சார், பூஞ்சை பிடிச்சிருக்கும்." ஒரே ராத்திரியிலா? ஊருக்கு வந்து நேராகக் கடைக்குப் போய் நம்பர்களைக் காட்டினேன். "இதெல்லாம் சாஃப்ட்வேர்ல எப்படி வேணா மாத்தலாம் சார்." அடுத்த முறை போனபோது ஓனர் வெளியூர். உள்ளே அறையில் அவர் குரல் கேட்கிறது! அதற்கப்புறம் புதுக் கதை: அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டான், அவன்தான் மாற்றியிருப்பான், அவனைப் போய்க் கேளுங்கள். அவன் போன் நம்பர்? தெரியாதாம். கடைசியில் பெரிய மனசு பண்ணி, "வச்சுட்டுப் போங்க, வித்துத் தர்றேன், ஒரு நாப்பது தேறும்" என்றார். 88,000 கொடுத்தவனிடம் நாற்பது. ஃபங்கஸ் பிடித்த அந்த லென்ஸை யார் தலையில் கட்டி அந்த நாற்பதைத் தருவார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பில் என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருந்தார்கள். "100-400 லென்ஸ் யூஸ்டு - 1" என்று மட்டும் இருக்கிறது. ஜிஎஸ்டி எண் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. கீழே வாரண்டி இல்லை, ரிட்டர்ன் இல்லை என்று ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் கொட்டை எழுத்தில்.

லென்ஸ் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் காட்டினேன். மேலோட்டமாகப் பார்த்ததுமே, "இது மாசக்கணக்குல வளர்ந்தது சார், கண்ணாடி மேல இருக்கிற கோட்டிங்கை அரிச்சிருக்கு, துடைச்சாலும் தடம் போகாது" என்றார். ஏற்கெனவே யாரோ திறந்திருக்கிறார்கள், திருகுகளின் தலை மழுங்கியிருக்கிறது, கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருக்கிறது, இடது பக்கம் குழைவதற்கு அதுதான் காரணமாம். திறந்து துடைக்க 14,000, ரிசல்ட்டுக்குப் பொறுப்பில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்னை பிளாக் செய்துவிட்டார்கள் என்பதால் இன்று காலை தங்கையின் போனில் அந்தக் கடைப் பக்கத்தைப் பார்த்தேன். "100-400, மின்ட் கண்டிஷன் (புதுசு மாதிரி), ஃபங்கஸ் இல்லை, 92,000." மூன்றாவது படத்தில் டிரைபாட் கால். அதே கீறல்.

1915-ல் நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் பதிவு செய்தாகிவிட்டது. அடுத்தது நுகர்வோர் ஆணையம். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

லென்ஸ் தேர்வு பற்றி நீளமாக எழுத இப்போது தெம்பில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் மனதில் வையுங்கள். பார்த்த லென்ஸை அப்போதே, கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். ஹூட் அப்புறம் வந்தால் போதும். லென்ஸ் மேலே இருக்கிற சீரியல் நம்பரைக் கடையிலேயே போனில் படம் பிடித்து, அதே நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் கிளம்பிவிடுங்கள். கடைப் பேரில் இல்லாத கணக்குக்குப் பணம் போடாதீர்கள். டெஸ்ட் படங்களைக் கார்டிலிருந்து அழிக்காதீர்கள், என்னிடம் இன்று இருக்கிற ஒரே சாட்சி அந்தக் காக்காதான். என்றைக்குப் பயணம் என்று எந்தக் கடையிலும் சொல்லாதீர்கள். ஒரே ஒரு பயணத்துக்குத்தான் என்றால் வாடகைக்கு எடுங்கள், அப்போதும் நம்பரைக் குறித்துக்கொண்டு எடுங்கள்.