நூறு யென் யப்பானிய வகுப்பு

பராமரிப்பு வேலைக்கென்று யப்பானுக்கு வந்திருக்கிற, வர இருக்கிற எங்கட பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். வேறு வேலையில் இருப்பவர்களுக்கும் பயன்படலாம்.

ரோக்கியோவுக்கு வடக்கே, சைத்தமாவில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். 2019இல் தொடங்கிய ‘தொகுதெய் கினோ’ (குறிப்பிட்ட தொழில் திறன்) விசாவில் வந்தவள். வருவதற்கு முன் கொழும்பில் தங்கிப் படித்து, என்4 என்கிற ஆரம்பநிலை யப்பானிய மொழிச் சோதனையும் பராமரிப்புத்துறை யப்பானியச் சோதனையும் பாஸ் பண்ணினேன். ஆனால் வந்த முதற்கிழமையே ஒன்று விளங்கிவிட்டது. நான் படித்துக்கொண்டு வந்தது சோதனைத்தாளில் இருக்கிற மொழி. என்4 சோதனையில் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. சரியான விடையின் வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். 90 வயது ஆச்சி ஒருவர் பொய்ப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினால் அந்த என்4 எனக்கு உதவவில்லை.

முதலில் காசு கொடுத்து ஒரு தனியார் ஒன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். மணித்தியாலத்துக்கு 2500 யென். அங்கேயும் சோதனைக் கேள்விகள்தான். மூன்று மாதத்தில் விட்டுவிட்டேன். பிறகு விலாசம் மாற்ற நகரசபைக்குப் போனபோது, வெளிநாட்டவர்களுக்கான கவுண்டரில் ஒரு துண்டுப்பிரசுரம் கண்ணில் பட்டது. ‘கஞ்சி’ என்கிற சீன வரிவடிவ எழுத்துகளுக்கு மேலே வாசிப்பு எழுதி, சின்னச் சின்ன வசனங்களாக இருந்தது: சனிக்கிழமை பின்னேரம் 6.30 தொடக்கம் 8 மணி வரை, கோமின்கன் இரண்டாம் மாடி, ஒரு நாளைக்கு 100 யென்.

கோமின்கன் என்றால் எங்கட ஊர்ச் சனசமூக நிலையம் மாதிரி. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நகரசபைகள் நடத்துகிற பொது மண்டபம். ஒரு அறையில் பூ அலங்காரம், அடுத்த அறையில் வயதானவர்களின் பாட்டுப் பயிற்சி, எங்கள் அறையில் யப்பானியம். சேர்வதற்குச் சோதனை இல்லை. பெயரை எழுதிவிட்டு இருக்கலாம். இரண்டு பேருக்கு ஒரு தொண்டர் என்ற கணக்கு. வியட்நாம், நேபாளம், பிலிப்பைன்ஸ் ஆட்கள் கூட. தமிழுக்கு நான் ஒருத்தி. அந்த 100 யென் போட்டோகொப்பிக்கும் தேத்தண்ணிக்கும்.

எனக்குக் கிடைத்தவர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா. ‘சென்செய்’ (ஆசிரியர்) என்று கூப்பிட்டால் கையை ஆட்டி மறுப்பார். பெயரோடு ‘சன்’ சேர்த்தால் போதும் என்பார். எனக்கு வாய் வரவில்லை, இன்றைக்கும் சென்செய்தான்.

இந்த வகுப்பின் மதிப்பு எனக்கு விளங்கிய நாளைச் சொல்கிறேன். இல்லத்தில் இரவு வேலை. ஒரு ஆச்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ‘ஸுகிஸுகி’ என்றார். நோகுதா என்று கேட்டேன். ஓம் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பவும் அதையே சொன்னார். என் குறிப்பேட்டில் ‘முழங்கால் வலி’ என்று மட்டும் எழுதினேன். சனிக்கிழமை ஐயாவிடம் அந்தச் சொல்லைக் கொண்டுபோனேன். அவர் முழங்கால் ஒன்று வரைந்து, அதன் மேல் இதயத் துடிப்புப் போல மேலும் கீழுமாகக் கோடு இழுத்தார். உடனே பிடிபட்டது. விண் விண் என்று வலிக்கிறது! ‘ச்சிகுச்சிகு’ என்றால் ஊசி குத்துவது போல, சுருக் சுருக் என்று. ‘ஹிரிஹிரி’ என்றால் தோல் எரிவது. எங்களிடம் இரட்டைக்கிளவி இருக்கிறது போல அவர்களிடம் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. நோயாளி ஒருவர் தன் நோவைச் சொல்வது அந்தச் சொற்களில்தான். அடுத்த கிழமை அவர் எனக்காக உடம்பு வலிச் சொற்கள் மட்டும் ஒரு தாள் முழுக்க எழுதிக்கொண்டு வந்தார். அந்தத் தாள் இப்போதும் என் சீருடைப் பையில் இருக்கிறது. தாதியிடம் சரியான சொல்லைச் சொன்னால் மருந்தும் சரியாக வருகிறது.

இன்னொரு நாள் வீட்டில் போட்ட முள்ளங்கி ஊறுகாய் கொண்டுவந்து ‘தபெதெ மிதெ’ என்றார். ‘தபெரு’ சாப்பிடு, ‘மிரு’ பார். சாப்பிட்டுப் பார்! சொல்லுக்குச் சொல் தமிழ். அதை அவரிடம் விளக்கினேன். அன்று பாடப் பக்கத்தை மூடிவிட்டு இருவரும் இதையே தேடினோம். ‘கத்தெ ஒகு’ வாங்கி வை. ‘வசுரெதெ ஷிமத்த’ மறந்துவிட்டேன். ‘வதஷி மொ’ நானும். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது ‘இத்தெ கிமஸ்’ என்பார்கள்: போட்டு வாறன். உள்ளே இருப்பவர் ‘இத்தெராஷ்ஷாய்’ என்பார்: போட்டு வாங்கோ. போறன் என்று சொல்லிப் பழக்கமில்லாத வீட்டில் வளர்ந்தவள் நான். என் பகுதியில் ஒரு ஆச்சிக்கு மறதி நோய். நான் வேலை முடிந்து வெளிக்கிடும்போது தன் பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள் என்று நினைத்து ‘இத்தெராஷ்ஷாய்’ என்பார். நான் திருத்துவதில்லை. ‘இத்தெ கிமஸ்’ என்று தலைகுனிந்து சொல்லிவிட்டுத்தான் படியிறங்குகிறேன்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இன்னொரு வசதி உண்டு. யப்பானியர் ‘கொரெ, சொரெ, அரெ’ என்று மூன்றாகச் சுட்டுகிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருப்பது கொரெ, கேட்பவர் பக்கத்தில் இருப்பது சொரெ, இருவருக்கும் தூரத்தில் இருப்பது அரெ. ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் இந்த நடுவில் உள்ளதில்தான் இடறுகிறார்கள். எங்களுக்கு இது, உது, அது. ‘உதென்ன கையில?’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் படிக்க எதுவும் இல்லை. இதைச் சொன்னபோது ஐயா பேராசிரியர் ஓனோ சுசுமுவின் பெயரைச் சொன்னார். யப்பானியமும் தமிழும் உறவு மொழிகள் என்று வாதித்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவரோடு சேர்ந்து வேலை செய்தவர்கள். மொழியியலாளர் பெரும்பாலானோர் அந்த உறவை ஏற்பதில்லை, நானும் அதற்குள் போகவில்லை. உறவோ இல்லையோ, ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் தமிழிலிருந்து நேரே படியுங்கள், கெதியாக வரும்.

எங்கள் வாய்க்குப் பிழைக்கிற இடமும் ஒன்று இருக்கிறது. குறில் நெடில் எங்களுக்குப் பிரச்சினையில்லை. ஒபசன் அத்தை, ஒபாசன் பாட்டி, காது தானாகப் பிரிக்கும். ஆனால் சொல்லின் நடுவில் வருகிற க, த எழுத்துகளை நாங்கள் மென்மையாக்கிவிடுகிறோம். யப்பானியத்தில் வன்மை ஓசைக்கு ஒரு பொருள், மென்மை ஓசைக்கு வேறு பொருள். வன்மையாகச் சொன்னால் (kaki) ஒரு பழத்தின் பெயர், மென்மையாகச் சொன்னால் (kagi) சாவி. ஒன்று தையல் நூல் (ito), மற்றது கிணறு (ido). ஒன்று கம்பத்தில் ஏற்றுகிற கொடி (hata), மற்றது தோல் (hada). இல்லத்தில் தோலைப் பற்றி ஒவ்வொரு நாளும் கதைக்க வேண்டும். ஐயா படம் ஒட்டிய அட்டைகள் செய்து, நான் சொல்லச் சொல்ல எது காதில் விழுந்ததோ அதைத் தூக்கிக் காட்டினார். ஒரு மாதம், ஒவ்வொரு சனியும் பத்து நிமிடம். இந்தப் பொறுமைக்கு எந்தக் கட்டணமும் ஈடில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பாடத்திட்டம் கிடையாது. ஐயா சுகமில்லாமல் இரண்டு மாதம் வரவில்லை. வந்த வேறொருவர் என்னைத் திரும்பவும் சுய அறிமுகத்திலிருந்து தொடங்கவைத்தார். ஒகஸ்ட் நடுவிலும் வருசக் கடைசியிலும் பூட்டு. தொண்டர்கள் சிலர் மரியாதை கருதிப் பிழையைத் திருத்தாமல் ‘ஜோஸு, ஜோஸு’ (கெட்டிக்காரி) என்று பாராட்டிக்கொண்டே இருப்பார்கள். முதல் நாளே ‘என் பிழையைத் தயவுசெய்து திருத்துங்கள்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள், பிறகு திருத்துவார்கள். கஞ்சி எழுத்தை வீட்டில்தான் படிக்க வேண்டும். மூன்று வருச வேலை அனுபவத்துக்குப் பிறகு எழுதுகிற பராமரிப்பாளர் தேசியப் பரீட்சைக்கு இந்த வகுப்பு மட்டும் காணாது. படுக்கைப்புண்ணுக்கு இல்லத்தில் ‘தொகொஸுரெ’ என்பார்கள். பரீட்சைப் புத்தகத்தில் அது ‘ஜொகுசோ’. அந்தக் கஞ்சியை நினைவிலிருந்து எழுத ஐயாவாலேயே முடியவில்லை.

என்4ஐ விட மேலான என்2 தான் குறி என்றால், மாதச் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி வேறு வகுப்புக்குப் போங்கள். ஆனால் இதையும் விடவேண்டாம். இரவு வேலை வந்து இரண்டு கிழமை போகாவிட்டாலும் யாரும் குறை சொல்வதில்லை. தபால்காரர் போட்டுவிட்டுப் போகிற துண்டு, ஆஸ்பத்திரியில் நிரப்பச் சொல்லும் தாள், குப்பை நாட்காட்டி, எதைக் கொண்டுபோனாலும் சேர்ந்து வாசிப்பார்கள். உங்கள் நகரசபையில் ‘நிஹொங்கோ க்யோஷிட்சு’ (யப்பானிய வகுப்பு) எங்கே என்று கேட்டால் விபரம் தருவார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், நல்ல காலுறை போட்டுப் போங்கள். பென்சிலும் ஒரு கொப்பியும் போதும். நூறு யென்னைச் சில்லறையாகக் கொண்டுபோங்கள். தகரப் பெட்டியில் மிச்சக் காசு இருக்காது.