மாஜோங் மேசையில் ஏழு ஆண்டுகள்

2018 சீனப் புத்தாண்டுக்கு மறுநாள், சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கதவை எதிர்வீட்டு ஆன்ட்டி தட்டினார். மாஜோங் என்ற சீனக் காய் ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும், அவர்கள் மூன்று பேர்தான் இருந்தார்கள். தீபாவளிக்கு நாங்கள் ரம்மி ஆடுவதை அவர் பார்த்திருக்கிறார், அந்த நம்பிக்கையில் கூப்பிட்டார். அன்று தொடங்கி ஏழு வருடமாக என் சனிக்கிழமை இரவுகளில் பெரும்பாலானவை அந்த மேசையில்தான். கற்றுக்கொள்ளலாமா, எந்த ஊர் ஆட்டத்தில் தொடங்குவது என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ரம்மி தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. கையில் 13 காய், பதினான்காவது வந்து பொருந்தினால் வெற்றி. மூன்று மூன்றாக நாலு கூட்டமும் ஒரு ஜோடியும் சேர வேண்டும். ஒன்றை எடுத்து ஒன்றைப் போடுவதும் அப்படியே. ஆனால் ரம்மிப் பழக்கம் காலை வாரும் இடம் ஒன்று உண்டு. அங்கே மூன்று இனத்து ஐந்துகள் சேர்ந்தால் செட். இங்கே வட்டம், மூங்கில், சீன எழுத்து என்று இனங்கள் மூன்று, ஆனால் அது செல்லாது. ஒவ்வொரு காயும் அச்சு அசலாக நாலு இருக்கும், அந்த நாலில் மூன்று சேர வேண்டும். முதல் மாதம் முழுக்க ஐந்து வட்டத்தையும் ஐந்து மூங்கிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். கீழே விழுந்த காயை எடுப்பதிலும் வித்தியாசம் உண்டு. தொடராகச் சேர்க்க ‘சீ’ சொல்வதென்றால், உங்களுக்கு முன்னால் ஆடியவர் போட்டதை மட்டும்தான் எடுக்கலாம். செட்டுக்குப் ‘பொங்’ சொல்வதென்றால் யார் போட்டதையும் எடுக்கலாம்.

சீன எழுத்து தெரியாதே என்று தயங்க வேண்டாம். வட்டத்தையும் மூங்கிலையும் எண்ணிவிடலாம், மூங்கில் ஒன்றில் மட்டும் ஒரு பறவை இருக்கும். எழுத்துக் காய்களில் ஒன்று, இரண்டு, மூன்று வெறும் கோடுகள். நாலு, திரையை இருபக்கமும் ஒதுக்கிய ஜன்னல் மாதிரி. ஏழு, நம் 7-ஐத் தலைகீழாகத் திருப்பியது. எட்டு, குடிசைக் கூரையின் இரண்டு சரிவுகள். மூலையில் எண் அச்சடித்த காய்களும் கடையில் கிடைக்கும். நான் அவற்றில்தான் தொடங்கினேன், இரண்டே வாரத்தில் அந்த எண்கள் தேவைப்படவில்லை.

சிங்கப்பூர் ஆட்டத்துக்கு 148 காய்கள். மூன்று இனங்களும் திசைகளும் டிராகன்களும் சேர்ந்து, பல ஊர்களுக்குப் பொதுவான 136, பூக்கள் 8, விலங்குகள் 4. பூனையும் எலியும் ஒருவரிடமே வந்து சேர்ந்தால் அந்த நொடியே மற்ற மூவரும் அவருக்குக் கட்ட வேண்டும். சேவலும் பூரானும் அதேபோல இன்னொரு சோடி. ஜெயிக்கக் குறைந்தது ஒரு ‘டாய்’ வேண்டும். டாய் என்பது கையின் மதிப்பு. ஒன்று கூடினால் தொகை இரட்டிக்கும், வழக்கமாக ஐந்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இந்த டாய்தான் புதியவரைப் பிடித்து நிறுத்தும். மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். எதிரில் இருந்தவர் மூன்று மூங்கில் காய் ஒன்றைப் போட்டார், என் கை முழுமையானது. ‘ஹூ’ (ஜெயித்தேன்) என்று சொல்லிக் காய்களைச் சாய்த்துவிட்டேன். ஆன்ட்டி இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். இரண்டு தொடர், இரண்டு செட், ஒரு ஜோடி. இருந்த ஒரே பூ வேறு இருக்கைக்கு உரியது. டாய் எதுவும் இல்லை. தப்பாக ஹூ சொன்னால் மூவருக்கும் கொடுக்க வேண்டும், கொடுத்தேன். அன்று இரவு அவர் ஒரு தாளில் எழுதித் தந்தார்: டிராகன் செட்டுக்கு 1, எல்லாமே செட்டாக இருந்தால் 2, ஒரே இனத்தோடு திசையோ டிராகனோ கலந்தால் 2, கலப்பில்லாத ஒரே இனத்துக்கு 4. அந்தத் தாள் இன்னும் என் காய்ப் பெட்டிக்குள் இருக்கிறது. விதிப் புத்தகம் தேடுவதைவிட இப்படி ஒரு தாளை யாரிடமாவது எழுதி வாங்குங்கள்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை இங்கே நோய்த்தொற்று முறியடிப்புக் காலம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக முடியாது. அப்போது மஜோங் சோல் செயலியில் ஜப்பான் ஆட்டத்தைப் பிடித்தேன். என் கண்ணைத் திறந்தது அதுதான். சிங்கப்பூரில் வேண்டாத காயை நடுவில் எறிவோம், யார் போட்டது என்ற சுவடே இருக்காது. ஜப்பானில் ஒவ்வொருவரும் தாம் போட்டதைத் தம் முன்னால் வரிசைக்கு ஆறாக அடுக்குவார்கள். யார் எதை, எப்போது கைவிட்டார் என்று கடைசிவரை தெரியும். அதற்கேற்ற விதியும் உண்டு. நீங்கள் காத்திருக்கும் காய்களில் ஒன்றை நீங்களே முன்பு போட்டிருந்தால், அடுத்தவர் போடுவதை வைத்து ஜெயிக்க முடியாது. தானாக எடுத்தால் மட்டுமே ஹூ. இதற்குப் பெயர் ஃபுரிட்டென். அதனால் ஒருவர் 1000 புள்ளிக் குச்சியை வைத்து ‘ரீச்சி’ (இன்னும் ஒரு காய் வந்தால் வெற்றி) என்று அறிவித்துவிட்டால், அவர் முன்னால் கிடக்கும் காய்களெல்லாம் அவரிடமிருந்து நமக்குப் பாதுகாப்பு. தோற்காமல் ஆடுவது என்று தனியாக ஒரு திறமை இருப்பதே எனக்கு அங்கேதான் புரிந்தது.

அப்புறம் ஆன்ட்டியின் மேசைக்குத் திரும்பியபோது அதே கணக்கைப் போட்டேன். அவர் தொடக்கத்தில் போட்ட எட்டு வட்டம் மனதில் இருந்தது, பயமில்லாமல் நானும் ஒன்று போட்டேன். ஹூ என்றார். இங்கே ஃபுரிட்டென் கிடையாது, முன்பு போட்ட காய்க்கே பிறகு காத்திருக்கலாம். காயைப் போட்டுக் கொடுத்தவர் என்பதால் நான் இரட்டிப்பாகக் கட்டினேன். காய்கள் ஒன்றுதான், ஆனால் கீழே போட்ட காய்க்கு ஊருக்கு ஊர் வேறு அர்த்தம். அதனால்தான் ஒரு ஊர் ஆட்டம் கையில் நன்றாகப் படிந்த பிறகே அடுத்ததற்குப் போகச் சொல்கிறேன். குறைந்தது ஒரு வருடம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாங்காங்கில் விலங்குகள் இல்லை, 144 காய்கள், பல மேசைகளில் 3 ஃபான் (நம் டாய் மாதிரி) இல்லாமல் ஜெயிக்க முடியாது. பொறுமை அதிகம் வேண்டும். மலேசியாவின் மூவர் ஆட்டம் 84 காய்களோடு விறுவிறுவென்று ஓடும், ஜோக்கரும் உண்டு, நாலாவது ஆள் கிடைக்காத நாளுக்கு நல்லது. சிச்சுவான் ஆட்டத்தைச் செங்டுவிலிருந்து வந்த அலுவலக நண்பர் சொல்லிக்கொடுத்தார். வெறும் 108 காய்கள். பூ, திசை, டிராகன் எதுவும் கிடையாது, சீ சொல்லவும் முடியாது. மூன்று இனத்தில் ஒன்றை அடியோடு கைவிட்டால்தான் ஜெயிக்கலாம். ஒருவர் ஜெயித்ததும் ஆட்டம் முடியாது, மற்ற மூவரும் தொடர்வார்கள். சீன எழுத்துக்குப் பயப்படும் குழந்தைகளை இதில் உட்காரவைத்தேன், ஒரே மாலையில் பிடித்துக்கொண்டார்கள்.

காய் வாங்குவதானால் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். இங்குள்ள காய்கள் பெரிதாக, கனமாக இருக்கும். ஜப்பான் காய்கள் சிறியவை. மேசைக்குத் தடித்த விரிப்பு கட்டாயம் வேண்டும், காய் கலைக்கும் சத்தம் இரவில் கீழ்வீட்டுக்கு நன்றாகக் கேட்கும். நாங்கள் சில்லுகளை வைத்து மட்டும் ஆடுகிறோம், பணம் கிடையாது. வயதானவர்கள் இருவரும் ஒரு கல்லூரிப் பையனும் உட்காரும் மேசையில் அதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது தைவான் ஆட்டம். அங்கே கையில் 16 காய், பதினேழாவதில் வெற்றி. பெட்டியிலிருந்து விலங்குகளை எடுத்து வைத்துவிட்டால் இருப்பதே போதும். ஆன்ட்டியின் மருமகள் தைவான்காரர், ஜூனில் வருகிறார். தாள் எழுதித் தரும்படி இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.